வரைதாளில் சுரண்டிய பன்னிரண்டு நிமிடம்

உசுசாவா தொகுஸோ வாழ்நாளில் தனக்காக ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் வாயால் சொல்லவில்லை, சவர பிளேடால் சொன்னார். அந்த பிளேடை என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். தள்ளிப்போட்டே பழகியவள் நான்.

அவர் கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரர் ஒருவரின் இரண்டாவது மகன். எங்கள் வளைகுடாவில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடலில் குமட்டல் வரும் என்பது வெளியில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. பதினாறு வயதில் மூன்று முறை படகேறினார், மூன்று முறையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். மூன்றாவது தடவை அப்பா பாதி வழியில் படகைத் திருப்பி, ஏலக்கூடத்தில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரைத் துறையில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று உசுசாவா பிற்காலத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதன்பின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் மீன் எடை போடும் வேலைக்கு வந்தார். தரையிலேயே நிற்கிற ஆள் இவர் ஒருவர்தானே என்று கடல்மட்டம் அளக்கும் அறையையும் இவர் தலையில் கட்டினார்கள். அலைதடுப்புச் சுவர் தொடங்கும் இடத்தில் கழிப்பறை அளவுக்கு ஒரு கான்கிரீட் அறை. அதன் தரைக்குக் கீழே கிணறு, குழாய் வழியாகக் கடல் உள்ளே வரும். கிணற்றில் மிதவை, மிதவையில் கம்பி, கம்பியின் மறுமுனையில் பேனா. கடல் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு சுற்றும் உருளையில் பேனா வரைந்துகொண்டே இருக்கும். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தாளை மாற்றி, நேரம் எழுதி, மூலையில் தன் பெயர் முத்திரையைக் குத்தி, மாதக் கடைசியில் நகரத்து அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை அவர் கோயில் காரியம் போலச் செய்தார். கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தாளைத் தொடுவார். அவருக்கு ஊர் வைத்த பெயர் இஸ்திரி.

"இஸ்திரி வருது, சட்டையைக் கசக்காம நில்லுங்கடா" என்பார்கள் ஏலக்கூடத்தில். அவரும் சிரிப்பார். வாந்தி எடுத்தவன் என்ற பெயரைவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?

அந்த மே மாதம் எனக்கு இருபத்துநாலு வயது. சங்கத்தில் கடிதமும் பதிவேடும் எழுதுகிற குமாஸ்தா. அவருக்கு முப்பத்தாறு. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குத் தாளை மாற்றிவிட்டு வந்தவர், மை நீர்த்துப்போனதோ என்று சந்தேகம் தட்டி, பத்து மணிக்கு மறுபடி அந்த அறைக்குப் போனார். அப்போதுதான் தரை ஆடியது.

எங்களுக்கு நிலநடுக்கம் புதிதில்லை. ஆனால் அது நின்று நிதானமாக, விடாமல் ஆடியது. அந்த அறையின் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி தொங்கும்: ஆடினால் கருவியைத் தொடாதே, உடனே மேட்டுக்கு ஓடு. உசுசாவா அந்த விதிக்கு நேர் கீழே நின்றுகொண்டு கருவியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். பயந்துவிட்டார், வேறொன்றும் இல்லை. பிறகு சுதாரித்து, கதவைக்கூடச் சாத்தாமல் கோயில் மேட்டுக்கு ஓடினார்.

நான் அலுவலகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். சாவி துவாரத்தில் நுழையமாட்டேன் என்றது. தலையைத் தூக்கியபோது துறையின் படிக்கட்டு தெரிந்தது. கீழ்ப்படியில் இருந்த தண்ணீர் மூன்றாம் படிக்கு ஏறி, உடனே இறங்கி, மறுபடி ஏறியது. எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். சாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஆழிப்பேரலை முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. பேரலை என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, முழங்கால் உயரம்தான். மீன் பெட்டிகள் மிதந்தன, சிப்பி வளர்க்கும் தெப்பங்கள் இரண்டு அறுத்துக்கொண்டு போயின. மேட்டில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மதியம் இறங்கி வந்தோம்.

மறுநாள் காலை உசுசாவா என் மேசைக்கு வந்தார். கையில் சுருட்டிய தாள். என்னைவிடப் பெரியவர், என்றாலும் மரியாதைக்குச் சான் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுவார்.

"கிகுயோ சான், பிளேடு இருக்கா?"

"எதுக்கு? சவரம் பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. தாளை விரித்தார். பேரலை அழகாகப் பதிவாகியிருந்தது, ஏற்றமும் இறக்கமும் கண்ணாடி மாதிரி. ஆனால் அதற்கு முன்னால், பத்து மணிக்குச் சற்றுப் பின்னே, கோடு ஒருமுறை எழும்பி, தாழ்ந்து, மறுபடி மறுபடி எழும்பி, மெல்ல அடங்கியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, அரிசி மணி உயரம்.

"இது என் கை" என்றார். "ஆடுனப்ப கருவியைப் புடிச்சுட்டேன். அசிங்கமாப் போச்சு."

"கை பட்டுச்சுன்னு ஓரத்துல ஒரு வரி எழுதி அனுப்பிடுங்களேன்."

"தொடாதேன்னு எழுதியிருக்கிற எடத்துக்குக் கீழ நின்னு தொட்டேன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கறதா? சிரிக்கமாட்டாங்களா? கப்பல்லயும் நிக்கமுடியல, தரையிலயும் நிக்கமுடியலன்னு சொல்லுவாங்க."

எங்கள் அலுவலகத்தில் எழுத்துப் பிசகினால் அடித்து எழுதக்கூடாது. அடித்தல் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் சங்கத் தலைவர் கன்னோ முகம் சுளிப்பார். பிளேடால் சுரண்டிவிட்டு மேலே எழுதுவோம். அதில் நான் கெட்டிக்காரி. பெருமையாகவே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அதுதான் இப்போது குத்துகிறது.

"பிளேடு மூலையை மட்டும் வெச்சு, கோட்டு மேலயே போங்க. பக்கத்துல போனா தாளு நைஞ்சிடும். அப்புறம் நகத்தால நல்லா தேய்ங்க, இல்லேன்னா மை பரவிடும்."

அரைமணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்டினார். தூளை ஊதினார். நகத்தால் தேய்த்தார். பேனாவை மையில் தோய்த்து, நடுவில் ஒரு நேர்கோடு இழுத்தார். பேரலை வரும்வரை கடல் துளிகூட அசையவில்லை என்றது தாள். மூலையில் முத்திரை குத்தினார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தாளின் அடியில் நிமிடக்கோடுகள் இருந்தன. எண்ணிப் பார்த்திருந்தால் போதும். வெட்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தன் கை மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

நகரத்து அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவ்வளவு ஆட்டத்திலும் இவ்வளவு சுத்தமான பதிவா என்று அந்தத் தாளை நகலெடுத்து, மற்றத் துறைமுகத்து ஆட்களுக்கு மாதிரியாக அச்சிட்டார்கள். சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினோம். யாராவது அதைப் பார்த்து ஏதாவது சொன்னால் உசுசாவாவின் காது சிவக்கும். எழுந்து வெளியே போய்விடுவார். அடக்கமான மனுஷன் என்றது ஊர். அவர் மனைவி தோமி சானும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பதினேழு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு மகாபே என்ற பெண் ஆராய்ச்சியாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை, யாரோடும் சட்டென்று சிரித்துப் பேசிவிடுவார். படித்தவர் என்பதால் நாங்கள் சென்செய் என்றுதான் கூப்பிட்டோம். கடற்கரை நெடுகப் பதினொரு துறைமுகத்தின் பழைய தாள்களை, நகலை அல்ல, அசலையே, பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டின்போது தலைவர் கன்னோ கேட்டார்: "ஆழிப்பேரலை அரைமணி கழிச்சு வரும், சின்னப் புள்ளைக்கும் தெரியும். இதுல ஆராய என்ன சென்செய் இருக்கு?"

மகாபே தன் மிசோ சூப் கிண்ணத்தை மேசை நடுவில் வைத்தார். விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று ஒரு தள்ளு தள்ளினார். சூப் எதிர்ப்பக்கத்தில் ஏறி, கன்னோவின் சோற்றில் கொஞ்சம் தெறித்தது.

"மன்னிச்சுக்குங்க. இப்ப பாருங்க, கிண்ணத்தைத் தள்ளுனேன், சூப்பு எவ்வளவு நேரம் கழிச்சு ஏறுச்சு?"

"உடனேதான். என் சோத்துலயே ஏறிடுச்சே."

"அதான். நீங்க சொல்ற பேரலை, தூரத்துல கடலுக்கு அடியில தரை தூக்குறதால வர்றது. அது அங்கேர்ந்து நடந்து வரணும், நேரமாகும். ஆனா தரை பக்கவாட்டுலயும் ஆடுதே? உங்க மலைச்சரிவு, கடலடிச் சரிவு எல்லாம் சேர்ந்து தண்ணியைத் தள்ளும், இந்தக் கிண்ணம் தள்ளுன மாதிரி. அது பேரலைக்கு முன்னாடியே, ஆடிட்டிருக்கும்போதே கரையில ஏறும். குறுகலான வளைகுடான்னா கொஞ்ச நேரம் அலம்பிட்டே இருக்கும். பத்து துறைமுகத்துத் தாள்ல அந்தச் சின்ன அலை இருக்கு. உங்க ஊர்த் தாள்ல மட்டும் காணோம்."

எனக்கு அந்த மூன்றாம் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அது தலைசுற்றல் இல்லை. டீத்தட்டை மேசையில் வைத்தேன். உசுசாவாவைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர் கடலுக்கு மரியாதை தெரியும்" என்றார் கன்னோ.

"ஏன் இல்லேன்னு ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்" என்று மகாபே சிரித்தார். "வளைகுடா வாய்ப்பக்கம் இருக்கிற பாறைத்திட்டு அலையைத் தடுக்குதுன்னு இப்போதைக்கு எழுதி வெச்சிருக்கேன்."

விஷயம் அதோடு நின்றிருந்தால் உசுசாவா வெட்கத்தை விழுங்கிக்கொண்டே செத்துப்போயிருப்பார். ஆனால் கன்னோ நிமிர்ந்து உட்கார்ந்தார். துறையில் வைக்க ஊராட்சி ஒரு அறிவிப்புப் பலகை தயார் செய்துகொண்டிருந்தது. நம் வளைகுடாவில் முதல் அலை அரைமணிக்கு முன் வராது, பதிவும் அப்படித்தான் சொல்கிறது, ஆகவே ஆட்டம் நின்றதும் முதல் இருபது நிமிடம் படகுகளைக் கட்டலாம், பாறையில் பாசி எடுக்கும் பெண்கள் பதறாமல் கரையேறலாம் என்று அதில் போடப்போகிறார்களாம். மகாபே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தாளை நம்பி அப்படி எழுதக்கூடாது என்றார். கன்னோ சான்றிதழைக் காட்டினார்.

"சாதாரணத் தாளா இது? மாதிரித் தாளு."

பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவதாக இருந்தது. அன்று திங்கள்.

எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டோம். இனிப்புப் பெட்டி ஒன்றைத் துணியில் கட்டி எடுத்துப்போய், தலையைத் தரையில் வைத்துவிட்டு, பிறகு விஷயத்தைச் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உசுசாவா ஸ்டேஷன் எதிர்க்கடையில் பயற்று இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு மகாபே தங்கியிருந்த விடுதிக்குப் போனார். பெட்டியை நீட்டினார். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். புதன்கிழமை இன்னொரு பெட்டி. அன்று காற்றைப் பற்றிப் பேசினாராம்.

வியாழன் காலை மகாபே அலுவலகத்துக்கு வந்து என்னிடம் சொன்னார்: "உங்க ஊர்க்காரங்க மாதிரி உபசாரம் பண்றவங்களை நான் பாத்ததே இல்ல. உசுசாவா சான் தினமும் இனிப்பு குடுக்கிறார். எனக்குச் சங்கடமா இருக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் முகத்தைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது. பெட்டி எதற்கென்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம்.

அன்று மதியம் உசுசாவா மூன்றாவது பெட்டியோடு வந்தார். விடுதிக்குப் போகவில்லை, அலுவலகத்துக்கே வந்தார். கன்னோ இருந்தார், மகாபே இருந்தார், டீ ஊற்றிக்கொண்டு நான் இருந்தேன். பெட்டியை மகாபேயின் முன்னால் வைத்தார். மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார்.

"சென்செய், உங்க தாள்ல நான் சுரண்டியிருக்கேன்."

"என்ன உளறுறே இஸ்திரி, எந்திரி" என்றார் கன்னோ.

எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார், கருவியைக் கட்டிப்பிடித்ததிலிருந்து நேர்கோடு இழுத்ததுவரை. பிளேடு எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

"யாருகிட்டயும் சொல்லலையா?" என்று கன்னோ கேட்டார்.

"இல்ல. நான் தனியாத்தான் செஞ்சேன்."

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிந்தது. துடைத்தேன்.

மகாபே கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் "எவ்வளவு நேரம் புடிச்சிட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் ஓடிட்டேன்."

மகாபே பையிலிருந்து அந்த அசல் தாளை எடுத்தார். திரையை இழுத்து அறையை இருட்டாக்கச் சொன்னார். தாளை மேசையில் விரித்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தார். நேர்கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தாள் நைந்து பொருக்குத் தட்டிய தடம் ஒன்று எழுந்து வந்தது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, அடங்கியது. வேறு யாராவது சுரண்டியிருந்தால் பரபரவென்று அந்த இடத்தையே தேய்த்துப் போக்கியிருப்பார்கள். இவர் கோட்டின் மேலேயே, இம்மி விலகாமல் சுரண்டியிருந்தார். மையை எடுத்தார், அலையை அப்படியே விட்டுவைத்திருந்தார்.

மகாபே அடியிலிருந்த நிமிடக்கோடுகளை விரலால் எண்ணினார்.

"கோடு பன்னிரண்டு நிமிஷம் ஆடியிருக்கு. நீங்க ஓடிப்போய் பதினோரு நிமிஷம் அப்புறமும். உசுசாவா சான், இது உங்க கை இல்ல. கடல்."

அவர் தலையைத் தூக்கினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தால் அது என் தப்பு. முகம் இன்னும் சிறுத்துப்போனது.

"அப்ப நான் வெக்கப்பட்டது எதுக்கு?" என்றார். "அதுல தப்பே இல்லையே. தப்பில்லாததை மறைக்கப் போய்த்தான் தப்பு பண்ணியிருக்கேன். பதினேழு வருஷம்."

கன்னோ போய்ச் சான்றிதழைக் கழற்றினார். கோபத்திலா, அவருக்கு உதவியாகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தன் கட்டுரையில் பெயர் போடாமல், தாள் பின்னர் திருத்தப்பட்டது என்று ஒரு வரி மட்டும் எழுதுவதாக மகாபே சொன்னார்.

"பேரைப் போடுங்க" என்றார் உசுசாவா. "முத்திரை என்னுதுதானே மூலையில இருக்கு. யாரோ ஒருத்தன்னு போட்டா எனக்கு முன்னாடி இருந்தவர் மேலயும் பின்னாடி வரவன் மேலயும் சந்தேகம் வரும்."

பலகையின் வாசகம் மாறியது. தரை ஆடும்போதே கடலும் ஏறும், படகைக் கட்டப் போகாதீர்கள், பாசியைப் போட்டுவிட்டு ஓடுங்கள் என்று இப்போதும் துறையில் நிற்கிறது. மகாபேயின் கட்டுரையின் அடிக்குறிப்பில் அவர் பெயர் முழுசாக இருக்கிறது. ஊர் இரண்டையும் படித்துவிட்டு அவர் பட்டப்பெயரை மாற்றியது. இஸ்திரி போய் சுரண்டி ஆனார்.

"சுரண்டி, இந்த எடையைக் கொஞ்சம் சுரண்டி ஏத்திப் போடு" என்பார்கள். காதுக்கு எட்டும் தூரத்தில் தோமி சான் மீனைக் கழுவிக்கொண்டிருப்பார். தலை நிமிராது. எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரும் என்றால் நானும்தான். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களோ என்ற பயம்.

உசுசாவா அதன்பின் ஒன்பது வருடம் இருந்தார். எதிரே வந்தால் முன்போலவே "கிகுயோ சான்" என்று தலைகுனிந்து வணங்குவார். பிளேடைப் பற்றி ஒரு தடவைகூட, தனியாக இருக்கும்போதுகூட, வாய் திறக்கவில்லை. ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய அப்பா அவரைத் துறையில் இறக்கிவிட்டுப் போனது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது.

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் நான் இனிப்புப் பெட்டியோடு தோமி சானைப் பார்க்கப் போனேன். அவர் டீ கொடுத்தார். பனி உருகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் இன்னொரு பெட்டி. அன்று சிப்பி விளைச்சலைப் பற்றிப் பேசினேன். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது தோமி சான், "நீங்க ஒருத்தர்தான் அவரை மறக்காம வர்றீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. நாளைக்கு எடுத்துப்போகிற மூன்றாவது பெட்டியின் அடியில் இந்தக் காகிதங்களை மடித்து வைக்கப்போகிறேன்.

தோமி சான், உங்கள் கணவர் தனியாகச் செய்யவில்லை. பிளேடு என்னுடையது, எப்படிச் சுரண்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான், கடல் ஏறியதை அன்றே கண்ணால் பார்த்தவளும் நான். அவரைப் பார்த்து ஊர் சிரித்தபோது கூடச் சிரித்தேன். இதில் நிறைய இடத்தில் பிசகி அடித்து எழுதியிருக்கிறேன். எதையும் சுரண்டவில்லை.

மினகாவா கிகுயோ.